எல்லாரையும் வெளியே போகச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

நேற்று பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோது உன் ஊதா நைட்டி கிடைத்தது. நம் வீட்டில் தங்க வரும் நாட்களுக்கென்று நீ விட்டுவைத்திருந்தது. பலமுறை துவைத்தாகிவிட்டது; ஆனாலும் முன்பக்கத்தில் அந்தப் பழுப்பு மருந்துக் கறை போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். நாய்க்குட்டிகளின் பால் வாடை இன்னும் லேசாக இருப்பதுபோல் தோன்றியது. உன் வாடை இல்லை. அழுகை வரும் என்று நினைத்துத்தான் கட்டிலில் உட்கார்ந்தேன். வந்தது கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இந்தக் கோபத்தோடுதான் இருக்கிறேன். கடையில் சீட் கவர் தைக்கும்போது ஊசியை இரண்டு முறை உடைத்தேன். வண்டியை விட வந்தவர், "என்னண்ணே, யார் மேல கோவம்?" என்று சிரித்தார். யார் பெயரைச் சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் உன் பெயரும் அதில் வரும்.

அன்று சின்னாளப்பட்டியில் உன் முதல் வருஷ நினைவுப் பூசை முடிந்து, உன் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் மகள் செலின் தண்ணீர்ச் சொம்போடு ஒவ்வொரு இலையாக வந்துகொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். உன் உயரம் வந்துவிட்டது. உன் நாத்தனார் பக்கத்து இலைக்காரியிடம், ஊருக்கே கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"இவள நான்தான் வளத்தேன். அவ பெத்துப் போட்டதோட சரி. பொறந்த புதுசுல பிள்ளையத் தொடக்கூட மாட்டேன்னுட்டாளே! மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கெடந்தா. செத்தவளக் குத்தம் சொல்லக் கூடாது. இருந்தாலும் நடந்தது நடந்ததுதான?"

செலின் குனிந்தபடியே தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிரம்பி வழிந்து இலையில் ஓடியது. அவள் கவனிக்கவில்லை. மச்சான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உன் பூசை நாளில், உன் வீட்டில், உன் மகள் கையில் சொம்போடு நிற்கும்போது, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு நம் நாய் பொம்மியின் ஞாபகம்தான் வந்தது.

உனக்கு நினைவிருக்கும். சில வருஷத்துக்கு முன்னால், பொம்மிக்கு விடியற்காலையில் வலி எடுத்தது. ஒரு குட்டிகூட வெளியே வரவில்லை. முனகி முனகி அதன் குரலே மாறிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே, குட்டி குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான்கு குட்டிகளை ஒரு துண்டில் சுருட்டி என் கையில் கொடுத்தார். பொம்மி நாக்கு வெளியே தொங்க மேஜையில் கிடந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே உனக்கு போனில் சொன்னேன். "மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறந்தா, இதெல்லாம் தன் குட்டின்னே அதுக்குத் தெரியாது. தானா ஈன்றிருந்தா நக்கி, மோந்து, அந்த ஒட்டுதல் தன்னால வந்திருக்கும். இப்ப அதுக்கு வயிறு வலிக்குது, பக்கத்துல என்னமோ கத்துது, அம்புட்டுத்தான் தெரியும். உறுமும். கடிக்கவும் செய்யும், இல்ல தெரியாம மேல படுத்துரும். ஆள் இல்லாம குட்டிங்கள அதுகிட்ட விடாதீங்க. அடிக்காதீங்க, அதட்டாதீங்க. ஆனா மொதப்பால் இன்னைக்கே உள்ள போகணும்."

"நான் வாரேன். வர்ற வரைக்கும் குட்டிங்கள அட்டைப்பெட்டியில தனியா வையி. சூடு குறையாமப் பாத்துக்க" என்றாய். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நீ நாகல் நகர் வந்து சேர்வதற்குள் நம் வீடு தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. நாய்க்கு ஆபரேஷன் என்றதும் தெருவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. பொம்மி கண் விழித்துத் தள்ளாடி உட்கார்ந்ததும், எதிர்வீட்டுக்காரர் தாய்ப்பாசம் பார்க்கலாம் என்று ஒரு குட்டியை எடுத்து அதன் முகத்தருகே நீட்டினார். பொம்மி பல்லைக் காட்டி ஒரே பாய்ச்சல். குட்டியின் காதோரம் கீறி ரத்தம் வந்துவிட்டது.

"இது என்ன தாயி? பேயி!" என்றார் அவர். "வாயக் கட்டிப் போட்டு, நாலையும் மொலையில வுடுங்க. வேற வழியில்ல."

அப்போதுதான் நீ வாசலில் வந்து நின்றாய். வியர்வையில் நெற்றி முடி ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பொம்மியைப் பார்த்தாய். சுவரோடு ஒண்டிக்கொண்டு, சுற்றி நிற்கிற ஒவ்வொரு காலையும் பார்த்து அது உறுமிக்கொண்டிருந்தது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். உனக்கு அப்படிக் கோபம் வந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாய்.

யாரும் நகரவில்லை. சிரித்தார்கள்.

"வெளிய போங்கன்னு சொல்றேன்ல! வயித்த அறுத்துப் போட்டுக் கெடக்கு. சுத்தி நின்னு வேடிக்கை பாக்க இது என்ன பொருட்காட்சியா? போங்க!"

எதிர்வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனார். பிள்ளைகள் ஜன்னலிலிருந்து குதித்து ஓடின. அம்மா மட்டும் நின்றாள். உன்னைச் சமாதானப்படுத்தும் குரலில்தான் பேசினாள்.

"எதுக்குடி இப்பிடிக் கத்துற? பாவம், அதுக்கு வலி. தையல் போட்ட ஒடம்பு. செத்த நேரம் விட்டா தன்னால சேத்துக்கும். அதப் போயி யாரு குத்தம் சொன்னா?"

நீ மெதுவாகத் திரும்பினாய். "ஏம்மா, இந்த வார்த்தை அன்னைக்கு ஒனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டாய். கத்தவில்லை. அம்மா உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ கதவைச் சாத்தினாய்.

கோபத்தில் வேலை பிசகும் என்பார்கள். உனக்கு நேர் எதிர். பீரோவிலிருந்து இந்த நைட்டியை உருவி, மடித்து, பொம்மியின் கீழே விரித்தாய். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி குட்டிகளின் பெட்டிக்குள் வைத்தாய். என்னைப் பொம்மியின் தலைமாட்டில் உட்காரச் சொன்னாய். "நீ அது தலையத் தடவிக்கிட்டே பேசிக்கிட்டு இரு. எதையாச்சும் பேசு. குட்டியப் பாரு குட்டியப் பாருன்னு மட்டும் சொல்லாத."

நான் கடை வேலை பற்றிப் பேசினேன். ரெக்சின் தரம் இறங்கிவிட்டது, யமஹா சீட்டுக்கு அளவு சரியாக வருவதில்லை என்றெல்லாம் ஒரு நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பொம்மியின் பின்பக்கமாக உட்கார்ந்து, தையலின் மேல் மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு, காம்பிலிருந்து ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சி எடுத்தாய். அதை ஒரு குட்டியின் முதுகிலும் தலையிலும் தடவினாய். தன் வாசனையே குட்டிமேல் இருந்தால் அதற்குப் பயம் குறையும் என்றாய். பிறகு அந்த ஒரு குட்டியை மட்டும், பொம்மியின் முகத்துக்குக் காட்டாமல், காம்பில் வைத்தாய்.

பொம்மி உறுமியது. நீ குட்டியைப் பிடுங்கவில்லை, அதட்டவும் இல்லை. உன் கையைக் குட்டிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். குட்டி நாலு வாய் குடித்தது. உறுமல் ஏறியதும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாய். கொஞ்சம் பொறுத்து அடுத்த குட்டி. மறுபடி உறுமல். மறுபடி பெட்டி. குடிக்கச் சக்தியில்லாத சின்னக் குட்டிக்கு மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். அது புரை ஏறாமல் இருக்கத் தலையை நிமிர்த்தாமல், குப்புறவே பிடித்துக்கொண்டாய். ஒவ்வொன்றுக்கும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீர் போகவைத்தாய். தாய்நாய் நக்கிச் செய்ய வேண்டிய வேலை அது என்று சொன்னாய்.

அந்த இடைவெளிகளில்தான் நீ பேசினாய். பொம்மியின் வயிற்றைப் பார்த்தபடியே பேசினாய். என்னைப் பார்க்கவில்லை.

செலின் பிறந்தபோது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். பெண் குழந்தை, ஆபரேஷன், இருவரும் நலம் என்று போனில் சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்க, உன் பக்கத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து போட்டார்களாம்.

"யாரோ ஒருத்தர் பிள்ளைய ஏங்கிட்டக் குடுத்த மாதிரி இருந்துச்சுடா. எனக்குன்னு தோணவேயில்ல. பயமா இருந்துச்சு. மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அத எல்லாரும் பாத்துட்டாங்க."

பால் சுரக்கவில்லை. அதற்கும் உன்னைத்தான் சொன்னார்கள். மனசு இருந்தால் பால் வராதா என்றாளாம் உன் நாத்தனார். அம்மா போர்வைக்குள் கையை விட்டு உன் தொடையைக் கிள்ளி, "ஊரு சிரிக்குது, தூக்குடி" என்றாளாம். பெற்றவள்! தையல் போட்டு ஒரு வாரம் ஆகாத மகளை! நம் வீட்டுக்கு வந்தபிறகும் அதே கதைதான். பிள்ளையை உன்னிடம் கொடுப்பார்கள், நீ என்ன செய்கிறாய் என்று சுற்றி நின்று பார்ப்பார்கள். உன் கை நடுங்கும். உடனே பிடுங்கிக்கொள்வார்கள். உன் நாத்தனார் அங்கேயும் பெட்டியோடு வந்து இறங்கி, பிள்ளையைத் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டாள். புருஷனை இழந்து, தம்பி வீட்டோடு இருந்தவள். அவள் கையில் ஒரு குழந்தை வந்தது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது அக்கா. ஆனால் அந்த ஆசைக்காக உன்னைக் கல்நெஞ்சுக்காரி ஆக்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்புறம் எப்பதான் தூக்குன?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "கோயில்ல திருவிழா. சப்பரம் பாக்க எல்லாரும் போயிட்டாங்க. பிள்ளை தூங்குது, போயிட்டு வந்துர்றோம்னு அம்மாவும் போயிருச்சு. அவ முழிச்சு அழுதா. வீட்டுல யாருமே இல்ல. பாக்க ஆளில்ல. மெதுவா எந்திரிச்சுப் போயி எடுத்தேன். உச்சந்தலைய மோந்து பாத்தேன். அம்புட்டுத்தான்டா. அந்த வாசம்... நெஞ்சே நெறஞ்சு போச்சு. அன்னைக்குத்தான் எனக்குப் பாலும் சுரந்துச்சு. அவங்க திரும்பி வந்தப்ப குடிச்சு முடிச்சுத் தூங்கிட்டா. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அதையும் வந்து நின்னு பாப்பாங்க."

பேசிக்கொண்டே நீ இரண்டாவது குட்டியை மறுபடி காம்பில் வைத்திருந்தாய். நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். அறை அமைதியாக இருந்தது. பொம்மி தலையைத் திருப்பியது. என் கை இறுகியது. நீ என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாய். பொம்மி மூக்கை நீட்டி உன் விரல்களை முகர்ந்தது. விரல்களுக்கு அடியில் இருந்த குட்டியை முகர்ந்தது. உன் கையை மெல்ல மெல்ல விலக்கினாய். அது குட்டியை ஒரு முறை நக்கியது. தான் செய்தது தனக்கே புரியாததுபோல் நிறுத்தியது. பிறகு தலையிலிருந்து வால் வரை, ஈரம் சொட்டச் சொட்ட, நிறுத்தாமல் நக்க ஆரம்பித்தது. நீ ஒவ்வொன்றாகக் குட்டிகளை எடுத்து வைத்தாய். காதில் கீறல் பட்ட குட்டியைத்தான் அதிக நேரம் நக்கியது.

நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாய். சத்தமே வராமல் அழுதாய்.

அம்மா கதவைத் தட்டிவிட்டு வந்தாள். தன் சொந்த வீட்டில் அம்மா கதவைத் தட்டியதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கையில் ஈரல் போட்டுப் பிசைந்த சோறு, பொம்மிக்கு. இன்னொரு கையில் உனக்குக் காப்பி. இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, எதையும் உற்றுப் பார்க்காமல் திரும்பிப் போனாள். நீ காப்பியைக் குடித்தாய். அம்மாவை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

சின்னக் குட்டி மறுநாள் இறந்துபோனது. மற்ற மூன்றும் நன்றாக வளர்ந்தன.

அன்றைக்கு நீ கிளம்பும்போது, செலினிடம் இதைச் சொல் என்று உன்னிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்து ஒரே கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கும் சொன்னாள், சடங்குக்கும் சொன்னாள் உன் நாத்தனார். நீ ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு பாத்திரம் எடுக்கப் போய்விடுவாய்.

"நானே சொல்றேன்டா. அவ பரிச்சை முடியட்டும். நீ வாயத் தொறக்காத. என் வாயால அவ கேக்கணும்" என்றாய். என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை பரீட்சை வந்து போனது? உனக்குத் தலைவலி வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்றாய். தைலம் தேய்த்தாய். திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்தவள் நீ. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உன் மேஜை மேலேயே இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பட்டையை உன் கையில் சுற்றிக்கொள்ள உனக்கு நேரம் கிடைக்கவில்லை. வேலையிடத்திலேயே சரிந்து விழுந்தாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது உனக்கு எங்களைத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்லக்கூடிய ஒருவனின் வாயையும் கட்டிவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இருக்குமா அக்கா? உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதே எனக்குக் கோபம்தான். மனிதர்கள் அதை அழுகை என்று நினைத்து என் தோளைத் தட்டினார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் இலையை விட்டு எழுந்தேன். "நிறுத்துங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எங்கக்கா செத்து ஒரு வருசம் ஆச்சு. இன்னும் அவள வெசாரிச்சுக்கிட்டு இருக்கீங்களா? சீழ் பிடிச்சுக் கெடந்தவ கையில பிள்ளையக் குடுத்துட்டு, சுத்தி நின்னு பாத்தது நீங்க எல்லாரும்தான? மச்சான், ஒங்களுக்கு வாயில்லையா? எதுக்குப் பூசை வச்சீங்க?" அம்மாவையும் விடவில்லை. "நீயும்தாம்மா" என்றேன். பூசை வைத்த பங்குச் சாமியார் என் கையைப் பிடித்து, மன்னிப்பைப் பற்றி என்னமோ சொன்னார். கையை உதறிவிட்டேன். அது தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

செலின் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். நானும் போனேன். துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். உனக்குக் கொடுத்த சத்தியத்தை அங்கேதான் உடைத்தேன். பொம்மியிடமிருந்து ஆரம்பித்தேன், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல், தையல், கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழாமல் கேட்டாள்.

"அப்ப அம்மா என்னய எப்ப மாமா தூக்குனாங்க?"

அன்று உன்னிடம் நான் கேட்டதுபோலவே கேட்டாள். சப்பரம் பார்க்க எல்லாரும் போனதைச் சொன்னேன். உச்சந்தலையை முகர்ந்து பார்த்ததைச் சொன்னேன். அவள் தன் கையைத் தூக்கித் தலையுச்சியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கீழே இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே போனேன். உன் நாத்தனார் அடுப்படியில் மிச்சச் சோற்றைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தாள், அவளும் அழுதிருந்தாள்.

"அத்தை," என்றாள் செலின். "என்னய நீங்கதான் வளத்தீங்க. அத நான் எங்கயும் சொல்லுவேன். ஆனா எங்கம்மா தொடமாட்டேன்னுட்டான்னு இனிமே சொல்லாதீங்க."

"நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?"

"பாதியச் சொன்னீங்க" என்றாள் உன் மகள். "மீதி ஒங்களுக்குத் தெரியாது. நீங்க சப்பரம் பாக்கப் போயிட்டீங்க."

உன் நாத்தனாருக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் செலின் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த வாரம் முழுக்க இரண்டு வார்த்தைதான் பேசியிருக்கிறேன். மச்சானுக்கு இன்னும் போன் செய்யவில்லை. ஆறவேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை. நீ சிரித்துக்கொண்டே விழுங்கியதெல்லாம் சேர்ந்து இப்போது என்னிடம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் செலின் என்னோடு வருகிறேன் என்றாள். வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தேன். எதிர்க்காற்று. லாரிச் சத்தம். பாதி வழியில் என் தோளைத் தட்டினாள்.

"மாமா, அந்தத் தலைய மோந்து பாத்தத மறுபடி சொல்லுங்க."

சொன்னேன். காற்றில் காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, அக்கா, அந்த நாலுவழிச் சாலையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தேன்.